சாவிக்காரம்மா

"சாவியை ரெண்டு சுத்து சுத்தணும் சார். ஒரு சுத்துல நிறுத்தினா கதவு திறக்காது."

அது அவருக்குத் தெரியும். அந்தப் பூட்டை வாங்கி மாட்டியதே அவர்தான். ஆனாலும் புதிதாகக் கேட்பவர்போல் தலையை ஆட்டி வைத்தார்.

நான்காவது மாடியில் இருக்கும் அந்த ஃபிளாட்டுக்குச் சொந்தக்காரர் அவர். வேறு ஊருக்குப் போய்விட்ட பிறகு, அதை வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டிருந்தார். வருகிறவர்களுக்குச் சாவி கொடுப்பது, கூட்டித் துடைப்பது, படுக்கை விரிப்பு மாற்றுவது எல்லாம் இந்தப் பெண்மணியின் வேலை. அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவள் சாவிக்காரம்மா.

மூன்று வருஷமாகியும் முதலாளியும் வேலைக்காரியும் முகம் பார்த்ததில்லை, போனில்கூடப் பேசியதில்லை. எல்லாம் அவருடைய மைத்துனன் மூலமாகத்தான். அந்த மைத்துனன் போன மாதம் ஒரு புகார் சொன்னான். அவள் வீட்டைக் குட்டிச்சுவராக்கிவிட்டாளாம். அவளை நிறுத்திவிட்டுத் தன் நண்பனைப் போடலாமாம்.

கண்ணால் பார்க்காமல் எதையும் நம்புகிற ஆள் இல்லை அவர். வேறு பெயரில், சைக்கிள் உதிரிபாக வியாபாரி என்று சொல்லி, இரண்டு நாளைக்குத் தன் வீட்டைத் தானே வாடகைக்கு எடுத்தார். ஒரு குறை அகப்பட்டாலும் அன்றைக்கே அவளை நிறுத்திவிடுவது என்று முடிவு. அவள் வீட்டில் அடுப்பு எரிவதே இந்த வேலையால்தான் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் பெரிதாக மனம் மாறியிருக்க மாட்டார்.

"ஏதாவது தெரியலைன்னா போன் பண்ணுங்க சார். பின் தெருவுலதான் இருக்கேன், உடனே வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டு அவள் இறங்கிப் போனாள்.

அவர் பையை வைத்தார். செருப்பைக் கழற்றினார். சமையலறைக் கதவுக்குப் பின்னால் கையை விட்டு பாத்ரூம் லைட்டைப் போட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து வேட்டையை ஆரம்பித்தார்.

ஃபேன் இறக்கைமேல் விரலை ஓட்டினார். கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்தார். ஃப்ரிட்ஜுக்குள் தலையை விட்டு மோந்துகூடப் பார்த்தார். எங்கும் ஒரு பொட்டுத் தூசி இல்லை. இவ்வளவு தூரம் வந்ததற்கு ஒரு கரப்பான்பூச்சியாவது மாட்டியிருக்கலாம் என்று அவருக்கு ஏமாற்றமாகவே இருந்தது.

மறுநாள் காலை அவள் புது விரிப்புகளோடு மூச்சு வாங்க ஏறி வந்தாள். எல்லாம் வசதியாக இருந்ததா, போனே வரவில்லையே என்று விசாரித்தாள். ஒரு குறையும் இல்லை என்றார். அவள் அவரை ஒரு தடவை பார்த்துவிட்டு, படுக்கையைத் தட்டிப்போடப் போனாள்.

அவர் பின்னாலேயே போய், ஓனர் எப்படிப்பட்ட ஆள் என்று மெல்லத் தூண்டில் போட்டார். வாயைத் திறந்தால் வசவு வரும், அதையே காரணமாக வைத்துக் கணக்கைத் தீர்த்துவிடலாம் என்ற எண்ணம்.

அவள் தலையணைக்கு உறை மாட்டி முடித்தாள்.

"முகம் பார்த்ததில்லை சார். ஆனா தங்கமான மனுஷர். இங்க வாஷிங் மெஷின் கெட்டு எட்டு மாசம் ஆச்சு. இத்தனை விரிப்பையும் நாலு மாடி தூக்கிட்டு இறங்கி, கையால துவைச்சுத் திரும்ப ஏத்துறேன். அவருக்குத் தெரிஞ்சா சும்மா இருப்பாரா? அவர் மச்சான்கிட்ட மூணு தடவை சொல்லிட்டேன். சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கணுமே சார்."

அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சொந்த மனைவிகூட அவரைத் தங்கம் என்று சொன்னதில்லை. ஊருக்குக் கிளம்பும்போது சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டு, வந்த காரியத்தை மறந்தவராகப் போய்ச் சேர்ந்தார்.

அடுத்த வாரமே புது வாஷிங் மெஷின் வந்தது. கொண்டு வந்தவன் மைத்துனன். இனிமேல் அவள் நேரே ஓனரிடமே பேசிக்கொள்ளலாம் என்று, விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு அவரது நம்பரையும் கொடுத்துவிட்டுப் போனான்.

மெஷினை இழுத்து மூலையில் நிறுத்திய அவள் கணவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"அதிர்ஷ்டக்காரிதான் நீ. எவனோ வழிப்போக்கன்கிட்ட புலம்பினே, அது எப்படியோ ஓனர் காதுக்குப் போயிருக்கு."

"வழிப்போக்கனா?" என்று அவள் சிரித்தாள். "மூணு வருஷமா இங்க தங்க வந்த அத்தனை பேரும், வந்த பத்தாவது நிமிஷம் எனக்கு போன் பண்ணி, பாத்ரூம் ஸ்விட்ச் எங்க இருக்குன்னு கேப்பாங்க. இவர் ஒருத்தர்தான் கேக்கவே இல்ல."