கிராம்பு எண்ணெய்

சர்க்கரை நோயில் அழுகிய காலோடு மாடக்கண்ணுவும் சேவியரும் அடுத்தடுத்த கட்டில்களில் கிடந்தார்கள். ஊசி மருந்து இருவருக்கும் ஒன்றுதான். சேவியரின் புண்ணில் மட்டும் கிராம்பு எண்ணெயும் சேர்த்துக் கட்டினார்கள். அந்த வாசனை எழும்போதெல்லாம் மாடக்கண்ணுவின் மனைவி செண்பகவல்லி விசிறியை எடுத்து, வாசனையைத் தன் புருஷனின் கால் பக்கம் விசிறிவிடுவாள். சேவியருக்குப் புதுச்சதை வளர்ந்தது. மாடக்கண்ணுவுக்குக் கணுக்கால்வரை கறுத்தது.

“இவருக்கும் அந்த எண்ணெயைப் போடுங்க சார்” என்று டாக்டரைக் கும்பிட்டாள்.

“ஒருத்தருக்குப் போட்டு ஒருத்தருக்குப் போடாம விட்டாத்தாம்மா எண்ணெய் கேக்குதான்னு தெரியும். நடுவுல மாத்தக்கூடாது. இந்த ஆராய்ச்சிக்கு நீங்க சம்மதிச்சதுதானே?”

மாடக்கண்ணுவின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

சேவியர் நடந்து வீட்டுக்குப் போன அன்று டாக்டர் லட்டோடு வந்தார். “ஆராய்ச்சி ஜெயிச்சிருச்சும்மா. உங்க வீட்டுக்காரர் மாதிரி ஆளுங்க இல்லேன்னா எங்களால நிரூபிச்சிருக்கவே முடியாது.”

செண்பகவல்லி லட்டை வாங்கிக்கொண்டாள். அவர் நகர்ந்ததும் மாடக்கண்ணு முனகினார். “பாதம் அரிக்குது, புள்ள. கொஞ்சம் சொறிஞ்சு விடேன்.”

லட்டை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறுகையால் வெறும் மெத்தையைச் சொறிந்தாள்.

“அங்க இல்ல” என்றார் அவர். “இன்னும் கொஞ்சம் கீழ.”