போதுமான சூடு

எலியானா காப்புரிமை அலுவலகத்தின் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தாள். எதிர்ச்சாரியில், சோபைபிய்யா அப்பம் பொரிக்கும் வண்டியருகே அந்த ஆள் இன்றும் நின்றிருந்தான். எதையும் வாங்கித் தின்னவில்லை; அவளுடைய மாடியையே வெறித்துக்கொண்டிருந்தான்.

"கார்காமோதானே? நீ விண்ணப்பத்தைத் திருப்பியனுப்பின ஹீட்டர்காரன்," என்றாள் பக்கத்து மேசை நெல்டா. "காப்புரிமையைக் குடுத்துத் தொலையேன்டி. சான்டியாகோ குளிருல சும்மாவா நிக்கிறான்? பாத்தாலே பயமா இருக்கு."

"எப்படிக் குடுக்கிறது? 'போதுமான சூடு வந்ததும் காஸ் தானாக அடைபடும்'னு எழுதியிருக்கான். எத்தனை டிகிரின்னு கேட்டா, 'ஏறக்குறையத் தகுந்த சூடு'ங்கறான். எல்லையே தெரியாம, இது புதுசா பழசான்னு எதோட ஒப்பிட்டுப் பாக்கிறது?"

அவன் ஏன் இப்படி எழுதினான் என்பதுதான் அவளுக்கு விளங்கவில்லை. பொறியாளர் கார்காமோவின் பழைய விண்ணப்பங்களையும் அவள்தான் பரிசீலித்தாள். ஒரு சொல்லைக்கூடத் திருத்தச் சொன்னதில்லை.

மதியம் விசாரணைக்குக் கம்பெனி வக்கீல் உர்ரூத்தியாவுடன் கார்காமோ வந்தான். முகம் மழிக்கவில்லை. கண்கள் சிவந்திருந்தன.

"சென்யோரா, காப்புரிமை வந்தாத்தான் முதல் போடுறவங்க கையெழுத்துப் போடுவாங்க," என்றார் வக்கீல். "இந்தக் குளிருக்குள்ள வீட்டுக்கு வீடு இந்த ஹீட்டர் போயாகணும். ஒத்தச் சொல்லுக்காக இழுத்தடிச்சா, நான் மேலிடத்துல பேச வேண்டிவரும்."

எலியானா கார்காமோவைப் பார்த்தாள். "ஒரு எண் சொல்லுங்க. இப்பவே முடிச்சுடலாம்."

அவன் வக்கீலை ஓரக்கண்ணால் பார்த்தான். "அது... சூழ்நிலைக்கு ஏத்த சூடு."

"வாயில என்னய்யா, கொழுக்கட்டையா?" வக்கீல் சீறினார். அதற்குள் அவருடைய கைபேசி அலறியது. "முதலாளி," என்று முணுமுணுத்தபடி வெளியே போனார்.

கதவு சாத்திக்கொண்டதும் கார்காமோ எழுந்தான். மேசையைச் சுற்றிக்கொண்டு நேரே அவளிடம் வந்தான். எலியானாவின் கை காவலாளியை அழைக்கும் மணியைத் துழாவியது.

"கத்தாதீங்க. உங்களைத் தனியாப் பாக்கத்தான் தெருவுல நின்னேன்." அவன் குரலைத் தாழ்த்தினான். "அந்த ஹீட்டர்ல காஸ் அடைபடாது, சென்யோரா. எந்தச் சூட்டுலயும் அடைபடாது. சோதனையில வெடிச்சு எங்காளு ஒருத்தன் செத்துட்டான், முதலாளி மூடி மறைச்சுட்டாரு. நான் விலகினா வேற ஆளை வெச்சுத் தெளிவா எழுதிக் காப்புரிமையை வாங்கிடுவாங்க."

கதவின் கைப்பிடி திரும்பியது.

"நீங்க தடுக்கணும்னுதான் புரியாம எழுதினேன்."