இரண்டாவது ஜாய்ஸ்டிக்

"டி.சி.யக் குடுங்க மிஸ், கூட்டிட்டுப் போறேன்" என்றாள் சகாயசெல்வி, நாற்காலியில் உட்காரும் முன்பே.

கல்லூரியில் வீடியோ கேமுக்கு வரையக் கற்றுத்தரும் கேம் ஆர்ட் வகுப்பு ஆசிரியை தமிழ்மதிக்கு முப்பது வயதுகூட இருக்காது. பதறி எழுந்துவிட்டாள்.

"உக்காருங்கம்மா. தண்ணி குடிங்க."

"தண்ணியெல்லாம் வத்தலக்குண்டுலயே குடிச்சிட்டேன். திண்டுக்கல் வரைக்கும் பஸ்ல நின்னுக்கிட்டே வந்திருக்கேன். மூணு தடவ தேதி தள்ளிக் குடுத்தும் உங்க மக பிராஜெக்ட்ட முடிக்கலன்னு நீங்கதானே போன் பண்ணீங்க?"

"ஆமாம்மா. ஆனா டி.சி. வாங்கச் சொல்லலியே! இன்னைக்குச் சாயந்தரம் நாலு மணிதான் கடைசி. குடுக்கலன்னா அவளுக்கு ஒரு வருஷம் போயிரும். நீங்க பேசினா முடிப்பாளேன்னுதான்..."

மகள் லிடியா ஆசிரியர் அறை வாசலில் நின்றிருந்தாள். லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை.

"நான் பேசாமலா இருக்கேன்? ஆறு வயசுல ஆரம்பிச்சது மிஸ். சோறு திங்கும்போது கேம். பரீட்சைக்கு முத நாள் கேம். சர்ச்சுல பூசை நடக்குது, இவ விரல் பெஞ்சுல பட்டன அமுக்கிக்கிட்டு இருக்கும். நாங்க கான்வென்ட்ல படிக்கிறப்ப பென்சில் கீழ விழுந்தாலே சிஸ்டர் ஸ்கேலால ரெண்டு போடுவாங்க. நீங்க என்னடான்னா கேமுக்கே டிகிரி குடுக்குறீங்க!"

பக்கத்து மேஜை ஆசிரியர் சிரிப்பை இருமலாக்கினார்.

"நாலு பிள்ளைங்களோட பழகினாலாவது பரவால்ல. பக்கத்து வீட்டு ஷப்னம் எம்புட்டு கலகலன்னு இருக்கா! இவளுக்குன்னு ஒரு கூட்டாளி உண்டா? கிடையாது. எங்க வம்சத்துலயே இப்படி ஒண்ணு இல்ல. இந்தப் பேய எவ ஏத்திவிட்டாளோ!"

மூச்சு வாங்க அவள் நிறுத்திய இடைவெளியில் தமிழ்மதி புகுந்தாள்.

"வகுப்புல இவதான்மா நல்லா வரையிறா. ஒரு வீட்ட அப்படியே கம்ப்யூட்டர்ல கட்டியிருக்கா. எல்லாம் முடிஞ்சது. கடைசியா ஒரே ஒரு சீன் பாக்கி. அதுல வந்து மூணு மாசமா நிக்கிறா. ஏன்னு கேட்டா வாயத் திறக்க மாட்டேங்கிறா."

"சோம்பேறித்தனம். வேற என்ன? எங்கடீ, காட்டு."

"வேணாம்மா."

"காட்டுன்னேன்."

லிடியா மேஜை மேல் லேப்டாப்பைத் திறந்து வைத்தாள்.

திரையில் நீலப் பெயின்ட் அடித்த கிரில் கேட். உள்ளே ஹால். சுவரில் இயேசு படம், அதன் கீழே சிவப்பு பல்ப்.

"ஏய், நம்ம வீடு!" சகாயசெல்வி கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தாள். "ஒழுகுற குழாய்ல நான் கட்டின துணியக்கூட விடலியா? ஊருக்கே காட்டி மானத்த வாங்குற."

ஹால் நடுவே ஒரு சின்னப் பெண் நின்றாள். அவள் கையில் இரண்டு ஜாய்ஸ்டிக்.

"ரெண்டு எதுக்கு?"

"ரெண்டு பேர் ஆடுற கேம்மா அது. கூட ஆட ஆள் தேடணும். அவ்வளவுதான் கதை. இத அமுக்கினா நடப்பா. இத அமுக்கினா கதவத் தட்டுவா."

சகாயசெல்வி அமுக்கினாள். சின்னப் பெண் நடந்தாள். அடுப்படியில் யாருமில்லை. கொல்லைப்புறத்தில் கொடியில் துணி மட்டும் ஆடியது. மாடிப்படியிலும் ஆளில்லை.

"என்னடீ, ஒரு ஈ காக்கா இல்ல?"

"படுக்கை ரூம் இருக்கும்மா."

கதவு சாத்தியிருந்தது. கீழ் இடுக்கில் டிவி வெளிச்சம் மினுங்கியது. சகாயசெல்வி பட்டனை அமுக்கினாள். டொக், டொக்.

உள்ளிருந்து ஒரு குரல் வந்தது. தெளிவான உச்சரிப்பு, பொறுமையில்லாத குரல். சகாயசெல்வியின் குரல்தான். பதினாலு வருஷம் இளையது.

"எத்தன தடவ சொல்றது? சீரியல் ஓடுதுல்ல? நீயே ரெண்டையும் வச்சு ஆடிக்க, போ."

சகாயசெல்வி விரலை எடுத்துவிட்டாள்.

"இது..."

"உன் பழைய போன்ல இருந்துச்சும்மா. சின்னப் பிள்ளையில நான் எடுத்த வீடியோ."

சகாயசெல்வி மறுபடி அமுக்கினாள்.

"இன்னைக்கு முடியாது. நாளைக்குப் பாப்போம்."

இன்னொரு தடவை.

"தட்டாதன்னு சொன்னேன்ல? செத்த நேரம் அம்மாவ நிம்மதியா விடு. போய் கேம் ஆடு."

திரையில் சின்னப் பெண் கதவோரமாகத் தரையில் உட்கார்ந்தாள். ஒரு ஜாய்ஸ்டிக்கை மடியில் வைத்துக்கொண்டாள். இன்னொன்றைப் பக்கத்தில், ஒரு ஆள் உட்காரும் அளவு இடம் விட்டு வைத்தாள்.

தமிழ்மதி வருகைப் பதிவேட்டைத் திறந்து, எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டாள்.

"இந்தக் கதவு திறக்கவே திறக்காதா?" சகாயசெல்வி உள்ளே வந்ததிலிருந்து முதல் முறையாக அவள் குரல் தணிந்திருந்தது.

"திறக்கணும்மா. அதான் கடைசி சீன்."

"அப்புறமென்ன? திறந்துவிட்டு முடிச்சுக் குடுத்துட வேண்டியதுதானே? மணி மூணாச்சு. ஒரு வருஷம் போயிரும்னு மிஸ் சொல்றாங்கல்ல?"

லிடியா கீபோர்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

"கண்ணால பாத்ததத்தான்மா எனக்கு வரைய வரும். நீ எந்திரிச்சு வந்து என் பக்கத்துல உக்காந்தா உன் முகம் எப்படி இருக்கும்னு நான் ஒரு தடவகூடப் பாத்ததில்ல."