நாலு விரல் அகலம்

வேங்கிக்காலில் முருகவேல் முதன்முதலாகக் கட்டிய வீட்டுக்கு இன்று கிரகப்பிரவேசம். ஓமப் புகை இன்னும் கலையவில்லை. அவன் தங்கை அருணாதேவியின் சக்கர நாற்காலி பாத்ரூம் கதவில் இடித்து நிற்கிறது. கதவு நாலு விரல் அகலம் குறைகிறது. பிளான் போடும்போதே, "கதவ மட்டும் கொஞ்சம் அகலமா வைண்ணா, நானும் வந்து தங்குவேன்ல" என்று அவள் சொல்லியிருந்தாள். பெட்ரூம் அலமாரி சின்னதாகிவிடும் என்று இவன்தான் கேட்கவில்லை. உறவுக்காரர்கள் டைல்ஸைப் புகழும் சத்தம் கூடத்திலிருந்து வருகிறது. முருகவேல் நிலையில் விழுந்த கீறலை விரலால் தேய்க்கிறான். "சாயந்திரம் வரைக்கும் இருந்துட்டுப் போம்மா" என்கிறான். "இருக்கேண்ணா" என்கிறாள். வெயிலில் வந்தவளுக்கு அண்ணி கஸ்தூரி சொம்பில் தண்ணீர் நீட்டுகிறாள். அருணாதேவி உலர்ந்த உதட்டை நாக்கால் தடவிக்கொண்டு, "வேணாம் அண்ணி, தாகமில்ல" என்கிறாள். ஏன் என்று முருகவேலுக்குப் புரிகிறது. தலை நிமிராமல் அந்த பாத்ரூம் நிலையையே பார்க்கிறான்.