பொன் பிடிக்கும் மூச்சு

ஜெர்மனியின் உல்ம் நகரத்துச் சிற்பப் பட்டறையில் ஜன்னல்களை இறுகச் சாத்தியிருக்கிறார்கள். லேசாகக் காற்றடித்தாலும் தங்கத்தாள் பறந்துவிடும். கண்ணாடி வழியே வரும் காலை வெயில், மரத்தில் செதுக்கிய மாதாவின் மரணப் படுக்கைமேல் விழுகிறது. சுற்றிலும் அப்போஸ்தலர்கள். அவர்களில் ஒருவர் தூபத்தின் கனல் அணையாதபடி கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருக்கிறார். மேலே இயேசு, தாயின் ஆன்மாவைப் பச்சைக்குழந்தையாக ஏந்தி நிற்கிறார். ஈஸ்டருக்குள் கோயில் பீடத்தில் ஏற வேண்டிய சிற்பத்தில் அந்தக் குழந்தைக்கு மட்டும்தான் இன்னும் பொன் ஏறவில்லை. அதன்மேல் தடவிய செம்மண் பூச்சு, மூச்சின் ஈரம் பட்டால்தான் தங்கத்தைப் பிடிக்கும். குளிர்காலம் முழுக்க நெஞ்சுக் காய்ச்சலில் கிடந்த, பொன் ஒட்டும் ஓட்டிலியாவுக்கோ மெழுகுவர்த்தியை அணைக்கக்கூட மூச்சு இருந்ததில்லை. வைத்தியர் கையை விரித்துவிட்டிருந்தார். இன்றுதான் எழுந்து வந்து தூரிகையைக் கையில் எடுத்திருக்கிறாள்.

“நான் வேணா ஊதட்டுமாடி?” என்கிறான் அவள் புருஷன், சிற்பி யோஸ்ட்.

“நீங்க குடிச்ச பீருக்குத் தங்கமே தள்ளாடும். தள்ளி நில்லுங்க.”

“உன் வாய்க்கு மட்டும் காய்ச்சலே வரலை.”

அவள் குனிகிறாள். நெஞ்சுக்குள் பழைய கரகரப்பு. குழந்தையின் முகத்தருகே வாயைக் கொண்டுபோய், ‘ஹா’ என்று நீளமாக விடுகிறாள். செம்மண் கறுக்கிறது. தூரிகை நுனியில் நடுங்கிக்கொண்டிருந்த தங்கத்தாள் தானாகவே தாவி நெற்றியில் ஒட்டிக்கொள்கிறது.

இவ்வளவு நேரமும் அடக்கிவைத்திருந்த மூச்சை அப்போதுதான் யோஸ்ட் ‘உஸ்’ஸென்று விடுகிறான். மிச்சமிருந்த தாள்கள் எழும்பிச் சுழன்று அவன் தாடியெல்லாம் அப்பிக்கொள்கின்றன.

“அசையாதீங்க, உங்களையும் பீடத்துல ஏத்திடறேன்!” ஓட்டிலியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். சிரித்துக்கொண்டே இருக்கிறாள். இருமல் வரவில்லை.