காவல் ஒயர்

பூட்டக்கா அந்த இளைஞனின் காலரைப் பிடித்து ஸ்டோர் ரூமுக்குள் தள்ளி, வெளியே தாழ்ப்பாளைப் போட்டாள். நோயாளிகளைத் தூக்கிப் படுக்க வைத்துப் பழகிய கை. ஆள் பஞ்சாய்ப் போய் உள்ளே விழுந்தான்.

"மாட்டிக்கிட்டான் சார்" என்றாள், மேஜை மேல் இருந்த செல்போனைப் பார்த்து. ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"சபாஷ்மா. பதறாதீங்க. லைனைக் கட் பண்ணாதீங்க." தலைமை அலுவலகத்துப் பாதுகாப்பு அதிகாரியின் குரல். அந்தக் குரலைக் கேட்டாலே பாதிப் படபடப்பு அடங்கிவிடும்.

ஆஸ்பத்திரியின் கதிர்வீச்சுப் பிரிவில் அவள் டெக்னீஷியன். பூட்டக்கா என்பது கூட வேலை செய்பவர்கள் வைத்த பட்டப்பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர்கூட அவளுக்கு அவ்வளவு பொருந்தவில்லை.

எல்லாம் அந்தக் கம்ப்யூட்டரால் வந்தது. புற்றுநோய் மெஷினை ஆட்டி வைக்கும் அது அரதப் பழசு. அதற்கு அப்டேட் வருவது எப்போதோ நின்றுவிட்டது. புதியதை வைத்தால் மெஷின் ஓடாது. யாரையும் அண்டவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் ஒரே வழி என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். பென் டிரைவ் சொருகும் ஓட்டைகளைப் பசை ஊற்றி அடைத்தாள். செல்போனுக்கு சார்ஜ் போட அதன் பக்கம் போன ஒரு நர்ஸ் அழுதுகொண்டே திரும்பி வந்தாள்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் காலையில் அந்த அதிகாரி போன் செய்தார்.

"உங்க பழைய கம்ப்யூட்டர் மேல ஒருத்தன் கண்ணு வச்சிருக்கான்மா. நம்ம கார்டையே மாட்டிக்கிட்டு, செக் பண்ண வந்தேன்னு சொல்லுவான். இப்ப மாட்டினீங்களே, அந்தக் காவல் ஒயரைத்தான் முதல்ல பிடுங்கப் பார்ப்பான். அப்பவே ஆளை அமுக்கிடுங்க."

"நான் பாத்துக்கறேன் சார்."

"இன்னைக்கு முதல்ல யாருக்கும்மா ட்ரீட்மென்ட்?"

"என் தங்கச்சிக்கு சார்." தங்கை ஒருத்திதான் அவளுக்கு இருக்கும் சொந்தம்.

"கவலைப்படாதீங்க, நல்லாயிடுவாங்க" என்றார் அவர். முன்பின் தெரியாத மனுஷன் இவ்வளவு அன்பாகப் பேசுகிறாரே என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் சொன்னது அட்சரம் பிசகாமல் நடந்தது. தங்கையை உள்ளறையில் படுக்க வைத்துவிட்டு வெளியே வந்தால், கழுத்தில் கார்டோடு இளைஞன் நின்றான். "பழைய கம்ப்யூட்டர் பத்திரமா இருக்கான்னு பாக்க வந்தேங்க்கா" என்றான். அதன் பின்னால் எட்டிப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்துவிட்டது. அன்று காலைதான் மாட்டியிருந்த நீல ஒயரில் கை வைத்தான். அதற்கப்புறம் அவள் யோசிக்கவே இல்லை.

இப்போது அவன் கதவை உடைத்துவிடுவான் போலிருந்தது.

"அக்கா, நான் திருடன் இல்லக்கா. கதவைத் திறக்காட்டி போகுது, அந்த ஒயரையாச்சும் பிடுங்குங்க."

"பிடுங்குவேன், உன் நாக்கை" என்றாள் பூட்டக்கா.

"அவன் ஆயிரம் சொல்லுவான். காதுலயே வாங்காதீங்கம்மா" என்றது போன்.

உள்ளே தட்டும் சத்தம் நின்றது. அவன் யாரிடமோ போனில் படபடவென்று பேசுவது கேட்டது. கூட்டாளியாக இருக்கும் என்று நினைத்து, தாழ்ப்பாளின் மேல் ஒரு பூட்டையும் மாட்டினாள்.

சுவரிலிருந்த ஸ்பீக்கரில் தங்கையின் குரல் கரகரத்தது. தலை அசையக் கூடாதென்று முகத்துக்கு வலை மூடி போட்டுப் பலகையோடு சேர்த்து இறுக்கியிருந்தார்கள். அவளாக எழுந்திருக்க முடியாது.

"என்னக்கா இவ்வளவு நேரம்? என்னையும் உள்ள வச்சுப் பூட்டிட்டியா?"

"வாயாடாம படுடி. இதோ ஆச்சு."

அந்த நேரம் டாக்டர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"அந்தத் தம்பியை ஏம்மா பூட்டி வச்சிருக்கீங்க? ஹெட் ஆபீஸ்ல சொல்லி நான்தானே வரச் சொன்னேன். உள்ள இருந்து எனக்குப் போன் பண்றாரு."

பூட்டக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அப்போ போன்ல இருக்கற சார்?"

"எந்த சார்?"

பதிலுக்குக் காத்திராமல் டாக்டர் கம்ப்யூட்டரின் பின்னால் குனிந்தார். நிமிர்ந்தபோது அவர் குரல் இறங்கியிருந்தது.

"இது இன்டர்நெட் ஒயராச்சே. இதுல யாரு மாட்டினது?"

"நான்தான் டாக்டர்." "காவல் ஒயர், திருடன் வந்தா அங்க மணி அடிக்கும்னு சொன்னாரு. அவர் சொல்லச் சொல்லத்தான் மாட்டினேன்."

மௌஸில் யார் கையும் இல்லை. ஆனால் திரையில் அம்புக்குறி நகர்ந்துகொண்டிருந்தது. கதிர்வீச்சின் அளவு எழுதியிருந்த கட்டத்தில் போய் நின்றது. எண் ஏற ஆரம்பித்தது.

"அக்கா, மெஷின் சுத்துதே" என்றாள் தங்கை. "ஆரம்பிச்சிட்டியா?"

பூட்டக்கா ஒயரை நோக்கிப் பாய்ந்தாள். செல்போனிலிருந்து அந்தக் குரல், காலையில் கேட்ட அதே அன்போடு சொன்னது:

"ஒயர்ல கை வைக்காதீங்கம்மா. அதைப் பிடுங்கினா மெஷினை நிறுத்த என்னாலயும் முடியாது. உள்ள படுத்திருக்கறது உங்க தங்கச்சிதானே?"