தெளிந்த முகம்

கல்யாண வீடியோக்களை எடிட் செய்து பிழைக்கும் ஞானசிகாமணிக்கு, செத்துப்போன மகள் ஷீபா மிச்சமிருந்தது பழைய செல்போனில் எடுத்த ஒரே ஒரு துண்டு வீடியோவில்தான். கொடியில் துணி காயப்போட்டுவிட்டுத் திரும்பிச் சிரிப்பாள். முகம் கட்டம் கட்டமாகக் கலங்கியிருக்கும். கலங்கலைத் தானே ஊகித்து நிரப்பும், புதிதாக வந்த சாஃப்ட்வேரில் போட்டு அதைப் பெரிதாக்கினார். இமைமுடி வந்தது, பல்வரிசை வந்தது, கன்னம் பளிங்குபோல் ஆனது. பாழாய்ப்போன தொழில் பழக்கம், வேலை முடிந்ததும் ஹார்டு டிஸ்க்கில் இடம் வேண்டுமென்று பழையதைக் கை தானாகவே அழித்துவிட்டது. பிறகுதான் மனைவி கிரேஸைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"நல்லா லட்சணமா இருக்கா," என்றாள் அவள். "யாருங்க இந்தப் பிள்ளை?"

வீடியோ மறுபடியும் முதலிலிருந்து ஓடியது. கொடியில் கிடந்தது தன் பச்சைச் சேலை என்று தெரிந்ததும் கிரேஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணாடி இல்லாமல் அவளுக்கு எல்லாமே கலங்கல்தான். திரையையே பார்த்தாள்.

"ஆமாங்க, ஷீபாதான்," என்று உடைந்து அழுதாள்.

ஞானசிகாமணி உற்றுப் பார்த்தார். கண்ணை இடுக்கிக்கொண்டும் பார்த்தார். அவருக்குப் பார்வையில் ஒரு குறையும் இல்லை.